'பவர் கூடின மருந்து' என்றால் என்ன?

"விலை கொறஞ்ச மாத்திரையக் குடுத்து ஒப்பேத்தப் பாக்காவ போல. அப்பாவுக்கு நல்ல பவர் கூடின மருந்தாப் போடச் சொல்லி நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்கண்ணே."

நாகர்கோவிலில் ஒரு ஆஸ்பத்திரி வராந்தாவில் பக்கத்து வீட்டுப் பையன் என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னது இது. அவனுடைய அப்பாவுக்கு எழுபது வயது. குலசேகரம் பக்கம் ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டி ஓய்ந்தவர். மூன்று நாளைக்கு முன் உடம்பு தூக்கிப்போடுகிற நடுக்கத்தோடு காய்ச்சல், ரத்த அழுத்தம் தாழ்ந்துபோய் ஐ.சி.யு.வில் சேர்த்திருந்தார்கள். அன்று இரவே மெரோபெனெம் என்ற ஊசியை ஆரம்பித்துவிட்டார்கள், எட்டு மணி நேரத்துக்கு ஒன்று. ஆள் தெளிந்து, கஞ்சி குடித்து, மகனைத் திட்டவும் தொடங்கிவிட்டார். அந்த நேரம் பார்த்து டாக்டர் ஊசியை நிறுத்திவிட்டு ஒரு பழைய மாத்திரையை எழுதிக் கொடுத்திருக்கிறார். ஊசியை நிறுத்தினால் கைவிட்டுவிட்டார்கள் என்றுதான் பையன் மனம் கணக்குப் போட்டது.

நான் டாக்டர் இல்லை. லேபில், கிருமியை வளர்த்துப் பார்க்கிற பிரிவில் இருபது வருடம் வேலை பார்த்தவன். இந்தப் 'பவர்' என்ற சொல் எத்தனை குழப்பம் பண்ணுகிறது என்று தினமும் பார்த்திருக்கிறேன். அவனுக்கு அன்று அரைகுறையாகச் சொன்னதை இங்கே கொஞ்சம் ஒழுங்காக எழுதிப் பார்க்கிறேன்.

பழகுவது யார்?

"இந்த மருந்து எனக்குக் கேக்காது, உடம்பு பழகிப்போச்சு" என்று சொல்லாத வீடு நம் ஊரில் கிடையாது. காபி பழகும், சுருட்டு பழகும், தூக்க மாத்திரைகூடப் பழகும். ஆனால் ஆன்டிபயாட்டிக் விஷயத்தில் மாறிப்போவது உடம்பு அல்ல, கிருமி.

ஆன்டிபயாட்டிக் என்பது பாக்டீரியாவைக் கொல்கிற, அல்லது பெருகவிடாமல் தடுக்கிற மருந்து. பாக்டீரியா என்பது கண்ணுக்குத் தெரியாத ஒற்றைச் செல் உயிர். வைரஸ் வேறு சாதி; ஜலதோஷம், டெங்கு, கொரோனா எல்லாம் அந்தப் பக்கம், அங்கே ஆன்டிபயாட்டிக்குக்கு வேலை இல்லை. கொல்ல வேண்டிய மருந்தைப் போட்டும் பாக்டீரியா சாகாமல் பெருகினால் அதற்குத்தான் மருந்து எதிர்ப்பு என்று பெயர்.

யார் பழகினால் என்ன என்று தோன்றலாம். உடம்புதான் பழகுகிறது என்றால், வாழ்நாளில் ஒரு ஆன்டிபயாட்டிக்கும் தொடாதவர் நிம்மதியாக இருக்கலாம். மாறுவது கிருமி என்றால், நேற்றுப் பிறந்த குழந்தைக்கும் பயம் உண்டு. ஏற்கெனவே மாறிப்போன கிருமி பக்கத்துக் கட்டிலில் இருந்து, தூக்கிய கையில் இருந்து, அப்படியே வந்து ஒட்டிக்கொள்ளும். எந்த மருந்தும் பழகாத பச்சைக் குழந்தைக்கு முதல் மருந்தே கேட்காமல் போவது இப்படித்தான்.

வலைக்கண்ணில் நழுவுகிற மீன்

நம் மாவட்டத்தில் குளத்துக்குப் பஞ்சமில்லை. ஒரு குளத்தைக் குத்தகைக்கு எடுத்தவர் தினமும் ஒரே அளவுக் கண் உள்ள வலையை வீசுகிறார் என்று வையுங்கள். பெருத்த மீன் மாட்டும், மெலிந்த மீன் கண் வழியே நழுவும். நழுவியதுதான் குளத்தில் மிஞ்சி முட்டை போடும். சில வருடத்தில் குளம் முழுக்க மெலிந்த மீனாகிவிடும். வலை எந்த மீனையும் மெலிய வைக்கவில்லை. ஏற்கெனவே மெலிந்திருந்ததற்குக் குளத்தைக் காலி பண்ணிக் கொடுத்தது, அவ்வளவுதான்.

மீனுக்கு வருடங்கள் ஆகும். பாக்டீரியாவுக்கு அவ்வளவு பொறுமை இல்லை. நம் குடலில் வாழ்கிற ஈ.கோலை, சாப்பாடும் சூடும் தோதாக இருந்தால் சுமார் 20 நிமிடத்தில் ஒன்று இரண்டாகும். இதே வேகத்தில் போனால் 8 மணி நேரத்தில் ஒரே ஒரு கிருமி 1 கோடியே 67 லட்சத்தைத் தாண்டும். இத்தனை நகல் எடுக்கும்போது எழுத்துப்பிழை விழாமல் இருக்குமா? பெரும்பாலான பிழையால் கிருமிக்கு ஒரு லாபமும் இல்லை. எங்கோ ஒன்று மட்டும் மருந்து நுழைகிற வாசலைக் கொஞ்சம் ஒடுக்கிவிடும், அல்லது உள்ளே வந்த மருந்தைப் பம்பு வைத்து வெளியே தள்ளும். மருந்து இல்லாத நாளில் அந்தக் கிருமி கூட்டத்தில் ஒன்று. மருந்து வந்த நாளில் குளமே அதற்கு.

இதில் பலர் கவனிக்காத ஒன்று உண்டு. சரியான நோய்க்குச் சரியான மருந்தைச் சரியாகச் சாப்பிட்டாலும் இந்த வலைவீச்சு நடக்கத்தான் செய்யும். மருந்து நேரே நோய்க்கிருமியிடம் மட்டும் போய் நிற்பதில்லை. நம் உடம்பில் சுமார் 38 லட்சம் கோடி பாக்டீரியாக்கள் குடியிருக்கின்றன, பெரும்பாலும் குடலில், பெரும்பாலும் சாதுவாக. அத்தனை மேலும் வலை விழுகிறது. அதனால் ஒவ்வொரு வீச்சுக்கும் ஒரு விலை உண்டு. உயிர் காக்கிற வீச்சு என்றால் அந்த விலையைக் கொடுத்துத்தான் ஆக வேண்டும்.

கைமாற்று

மீன் உவமை இதோடு தீர்ந்தது. மீன் தன் குஞ்சுக்குத்தான் எதையும் கொடுக்கும். பாக்டீரியா பக்கத்தில் நிற்கிறவனுக்கும் கொடுக்கும், அவன் வேறு இனமாக இருந்தாலும்.

நாம் அவசரத்துக்குக் கைமாற்று வாங்குகிறோம் அல்லவா, வட்டி இல்லை, பத்திரம் இல்லை, கையில் இருந்து கைக்கு. பாக்டீரியாவிடம் பிளாஸ்மிட் என்று ஒன்று உண்டு. முதன்மை மரபுச் சுருளுக்கு வெளியே தனியாக இருக்கிற ஒரு குட்டி டி.என்.ஏ. வளையம். மருந்திடம் இருந்து தப்பிக்கிற வித்தை பெரும்பாலும் இதில்தான் எழுதியிருக்கும். அதை நகல் எடுத்து அடுத்த பாக்டீரியாவுக்குக் கொடுத்துவிடலாம். கைமாற்றில் கொடுத்தவன் கை காலியாகும். இங்கே கொடுத்தவனிடமும் இருக்கும், வாங்கியவனிடமும் இருக்கும். போதாக்குறைக்கு ஒரே வளையத்தில் நாலைந்து மருந்துக்கான வித்தை சேர்ந்தே இருக்கும். ஒரு மருந்தைத் தாறுமாறாகப் போட்டால் நாம் தொடவே தொடாத இன்னொரு மருந்தும் கூடவே பாழாவது இதனால்தான்.

அந்த வித்தைகளில் மிகவும் பேர் போனது பீட்டா-லாக்டமேஸ். பென்சிலின் குடும்பத்து மருந்து மூலக்கூறுகளின் நடுவில் இருக்கிற வளையத்தை வெட்டிப்போடுகிற நொதி அது. கத்திரிக்கோல் என்று வைத்துக்கொள்ளலாம். அலெக்சாண்டர் ஃபிளெமிங் பென்சிலினைக் கண்டது 1928இல். பொதுமக்கள் கைக்கு அது வருவதற்கு முன்பே, 1940இல், அதை வெட்டுகிற நொதி பாக்டீரியாவில் இருப்பதை விஞ்ஞானிகள் எழுதிவிட்டார்கள். ஃபிளெமிங்கே 1945இல் நோபல் உரையில், போதாத அளவில் பென்சிலின் சாப்பிட்டால் கிருமி தேறிவிடும் என்று எச்சரித்திருக்கிறார்.

நாம் புது மருந்து செய்தோம், கிருமி புதுக் கத்திரி செய்தது. கடைசியில் எந்தக் கத்திரிக்கும் அசையாது என்று நம்பிய கார்பபெனெம் என்ற குடும்பம் வந்தது. பக்கத்து வீட்டுக்காரருக்குப் போட்ட மெரோபெனெம் அந்தக் குடும்பம்தான். 2008இல் இந்தியாவில் சிகிச்சை பெற்றுத் திரும்பிய ஒருவரிடம் சுவீடனில் ஒரு கிருமியைக் கண்டார்கள். அது கார்பபெனெமையும் வெட்டியது. அந்த நொதிக்கு என்.டி.எம்.-1 என்று பெயர் வைத்தார்கள், புதுதில்லியின் பெயரால். 2010இல் வந்த ஆய்வுக் கட்டுரையில் சென்னையில் எடுத்த மாதிரிகளும் இருந்தன. ஊர்ப்பெயரை வைத்ததற்காக இங்கே பெரிய சண்டை நடந்தது. பெயருக்குப் போட்ட சண்டையில் கால்வாசியைக் கத்திரிக்குப் போட்டிருக்கலாம் என்பது என் அபிப்பிராயம். ஆனால் அதற்கும் ஆள் இருந்தார்கள்: 2012இல் நாட்டின் மருத்துவச் சங்கங்கள் சென்னையில் கூடி, என்ன செய்யலாம் என்று ஒரு பிரகடனம் தயாரித்தன. இன்றும் அதைச் 'சென்னைப் பிரகடனம்' என்றே சொல்கிறார்கள்.

இதுவரை சொன்னதை ஒரு மூச்சில் சொன்னால்: மாறுவது கிருமி, மருந்து அதை மாற்றுவதில்லை, மாறியதற்கு இடம் விடுகிறது, மாறியது தன் வித்தையை மற்ற இனத்துக்கும் கைமாற்றுகிறது. சரி, இப்போது பவருக்கு வருவோம்.

இழுவைமடியும் தூண்டிலும்

பவர் என்றதும் நம் மனதில் வருவது மோட்டார். ஒரு குதிரைத்திறன், ஐந்து குதிரைத்திறன். ஆன்டிபயாட்டிக்கை அப்படி வரிசைப்படுத்த முடியாது. 'பெரிய ஆன்டிபயாட்டிக்' என்று ஆஸ்பத்திரியில் சொல்வது பெரும்பாலும் வீச்சு அகலமான மருந்தை. வீச்சு என்றால், எத்தனை வகைக் கிருமிகளை அது தாக்கும் என்பது. ஒவ்வொன்றையும் எவ்வளவு நன்றாகத் தாக்கும் என்பது வேறு கேள்வி.

இதைக் கடற்கரைக்காரர்களுக்கு விளக்கவே வேண்டாம். விசைப்படகில் இழுவைமடி, அதாவது கடல்தரையோடு வாரி இழுக்கிற பெரிய வலை, போட்டால் இன்ன மீன் என்று பார்க்காது. இறால், குஞ்சு, முட்டை, கடல்தரையில் கிடப்பது எல்லாம் வாரிக்கொண்டு வரும். தூத்தூர்க்காரர்கள் ஆழ்கடலில் சுறாவுக்குப் போகிறபோது போடுவது தூண்டில். சுறாவுக்கு மடி பவரா, தூண்டில் பவரா என்று அவர்களிடம் போய்க் கேட்டால் சிரிப்பார்கள்.

ஒரு நிஜ உதாரணம். சீழ்க்கட்டி முதல் ரத்தத்தில் விஷம் ஏறுவதுவரை பல வேலை பார்க்கிற ஸ்டஃபிலோகாக்கஸ் ஆரியஸ் என்று ஒரு கிருமி. அதில் மெதிசிலின் என்ற பென்சிலின் குடும்பத்து மருந்துக்கும் அதன் கூட்டத்துக்கும் அடங்காத வகை இருக்கிறது, அதற்கு வான்கோமைசின் ஊசி போடுவார்கள். வான்கோமைசின் என்றாலே பெரிய மருந்து என்று பெயர். ஆனால் வந்திருப்பது அடங்குகிற சாதாரண வகை என்று தெரிந்துவிட்டால், பழைய குளோக்சசிலினோ செஃபசோலினோ வான்கோமைசினைவிட நன்றாக வேலை செய்யும். ரத்தத்தில் அந்தக் கிருமி இருக்கும்போது 'பெரிய' மருந்திலேயே வைத்திருந்தால் நோயாளிக்குத்தான் நஷ்டம். இதை நான் எத்தனை பேரிடம் சொல்லியும் பாதிப் பேர் நம்பியதில்லை. விலை குறைந்தது எப்படி ஜெயிக்கும் என்பதுதான் அவர்கள் கேள்வி.

அகல மடிக்கு இன்னொரு செலவும் உண்டு. குடலில் இருக்கிற சாதுவான கூட்டம் அழிந்தால் காலியான இடத்தில் அடாவடிக் கிருமி குடியேறும். ஆஸ்பத்திரியில் பெரிய ஊசி போட்ட ஒரு வாரத்தில் சிலருக்கு நிற்காத வயிற்றுப்போக்கு வருவதற்கு அது ஒரு காரணம்.

அப்புறம், மருந்து போய்ச் சேருகிற இடம் என்று ஒன்று இருக்கிறது. நைட்ரோஃபுரான்டாயின் என்று 1950களில் இருந்து இருக்கிற ஒரு மாத்திரை. சிறுநீர்ப்பையில் மட்டும் இருக்கிற கிருமிக்கு இன்றைக்கும் அருமையான மருந்து, ஏனென்றால் அது சிறுநீரில் போய்த் திரளும். அதே கிருமி ரத்தத்துக்கு ஏறிவிட்டால் அது உதவாது. ரத்தத்தில் அது போதிய அளவு தங்குவதில்லை. ஒரே கிருமி, ஒரே மருந்து, ஒரு இடத்தில் ராஜா, ஒரு இடத்தில் வெறும் தண்ணீர்.

உலக சுகாதார நிறுவனம் 2017இல் ஆன்டிபயாட்டிக்குகளை மூன்று கூடையாகப் பிரித்தது. தாராளமாக முதலில் எடுக்கக்கூடியவை, கவனித்து எடுக்க வேண்டியவை, வேறு வழியே இல்லாதபோது மட்டும் தொட வேண்டியவை. அமாக்சிசிலின் முதல் கூடை. மெரோபெனெம் இரண்டாவது. கோலிஸ்டின், லினிசோலிட் மூன்றாவது. நம் ஆட்கள் தொண்டை கரகரத்தாலே கேட்டு வாங்குகிற அஸித்ரோமைசினும் செஃபிக்ஸிமும் எந்தக் கூடை தெரியுமா? இரண்டாவது. மெரோபெனெம் இருக்கிற அதே கவனிக்க வேண்டிய கூடை.

கோலிஸ்டின் கதை தனி. 1950களின் கடைசியில் பயன்பாட்டுக்கு வந்து, சிறுநீரகத்தைக் கெடுக்கிறது என்று 1970களில் ஓரம் கட்டிய மருந்து. கார்பபெனெம் தோற்கத் தொடங்கியதும் பரணில் கிடந்த அதைத் தூசி தட்டி எடுத்தார்கள். பவர் கூடியது என்பதால் அல்ல, ஓரத்தில் கிடந்ததால் கிருமி அதை அதிகம் பார்த்திருக்கவில்லை என்பதால். இங்கே மனிதனுக்குக் கடைசி மருந்தாக வைத்திருந்ததை அங்கே கோழிக்கும் பன்றிக்கும் தீனியில் கலந்துகொண்டிருந்தார்கள். 2015இல் சீனாவில் கோலிஸ்டின் எதிர்ப்பு வித்தையும் பிளாஸ்மிட்டில் ஏறிவிட்டதைக் கண்டுபிடித்தார்கள். 2019இல் இந்தியா உணவுக்காக வளர்க்கிற பிராணிகளுக்கு அதைத் தடை செய்தது.

தட்டில் தெரிவது

எந்தத் தூண்டில் என்று எப்படித் தெரியும்? அதற்குத்தான் கல்ச்சர். நோயாளியின் ரத்தம், சிறுநீர், சளி, சீழ் எதையாவது எடுத்து அதில் உள்ள கிருமியை வளர்த்துப் பார்ப்பது.

கண்ணாடியிலோ பிளாஸ்டிக்கிலோ உள்ளங்கை அகல வட்டத் தட்டு. அதில் கடல்பாசியில் இருந்து எடுத்த அகார், கடற்பாசி இனிப்புப் பண்டம் மாதிரியே உறைந்து, வைக்கோல் நிறத்தில் இருக்கும். வளர்த்த கிருமியைப் பஞ்சுக் குச்சியால் தட்டு முழுக்கப் பூசுவோம். அதன்மேல் பொட்டு அளவில் வெள்ளைக் காகித வில்லைகள், ஒவ்வொன்றிலும் ஒரு மருந்து. இரவு முழுக்க 35 டிகிரிச் சூட்டில் வைத்துவிட்டுக் காலையில் எடுத்தால், தட்டு முழுக்கக் கிருமி மங்கலாகப் படர்ந்திருக்கும். சில வில்லைகளைச் சுற்றி மட்டும் சுத்தமான வட்டம். பிசுக்குப் பாத்திரத் தண்ணீரில் ஒரு சொட்டு சோப்பு விழுந்தால் எண்ணெய் விலகி நிற்குமே, அதுபோல. அந்த வட்டத்தின் அகலத்தை மில்லிமீட்டரில் அளந்து, ஒவ்வொரு மருந்துக்கும் உள்ள அட்டவணையோடு ஒப்பிட்டு, கிருமி அடங்கும் என்றால் 'எஸ்', அடங்காது என்றால் 'ஆர்' என்று எழுதுவோம்.

இதில் ஒரு தமாஷ் உண்டு. வட்டம் பெரிதாக இருக்கிற மருந்துதான் பவர் கூடியது என்று ரிப்போர்ட்டைப் படிக்கிற பலர் நினைப்பார்கள். ஒவ்வொரு மருந்தும் அகாரில் ஊறிப் பரவுகிற வேகம் வேறு. ஒரு மருந்துக்கு 15 மில்லிமீட்டரே பாஸ், இன்னொன்றுக்கு 22 இருந்தால்தான் பாஸ். பத்தாம் வகுப்புக் கணக்கையும் சமூக அறிவியலையும் மார்க் வைத்து ஒப்பிடுகிற மாதிரிதான்.

சில காலை எடுக்கிற தட்டில் வட்டமே இருக்காது. ஒரு வில்லையைச் சுற்றியும் இல்லை, விளிம்பு வரை ஒரே மங்கல். அந்தத் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கிற நேரம் இருக்கிறதே, இருபது வருடத்தில் அது எனக்குப் பழகவே இல்லை. வேலைக்குச் சேர்ந்த புதிதில் அது அபூர்வம். ஓய்வு பெறும்போது ஐ.சி.யு. மாதிரிகளில் அப்படி வந்தால் யாரும் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை.

இதெல்லாம் முடிய மாதிரி எடுத்ததில் இருந்து இரண்டு மூன்று நாள் ஆகும். கிருமி நம் அவசரத்துக்கு வளராது. மருந்தை ஆரம்பிப்பதற்கு முன்பே மாதிரி எடுத்திருந்தால்தான் சரியாக வரும். ஊசி போட்ட பிறகு எடுத்த ரத்தத்தில் கிருமி வளராமல் போகலாம், அப்புறம் எது காரணம் என்று தெரியாமலே கண்ணைக் கட்டிக்கொண்டு வைத்தியம் பார்க்க வேண்டியதுதான்.

மூன்றாம் நாள்

ஆன்டிபயாட்டிக்கைப் பொறுப்பாகக் கையாளுவதற்கு ஆஸ்பத்திரிக்காரர்கள் ஸ்டூவர்ட்ஷிப் என்று ஒரு சொல் வைத்திருக்கிறார்கள். நம்மிடம் அதற்கு நல்ல பழைய சொல் இருக்கிறது. கோவிலில் சாமான் வைக்கிற அறைக்கு உக்கிராணம் என்று பெயர், சர்ச்சுக்குப் போகிறவர்கள் உக்கிராணக்காரன் என்று கேட்டிருப்பீர்கள். சாமான் அவனுடையது இல்லை. சாவி மட்டும் அவன் கையில். கேட்கிறவனுக்கெல்லாம் அள்ளிக் கொடுத்தாலும் தப்பு, பசித்தவனுக்கு மறுத்தாலும் தப்பு.

மறுத்தால் தப்பு என்பதை அழுத்திச் சொல்ல வேண்டும். ஆன்டிபயாட்டிக்கைக் குறை என்றதும் சாகக் கிடக்கிறவருக்கும் சின்ன மருந்தில் ஆரம்பி என்று சிலர் புரிந்துகொள்கிறார்கள். ரத்த அழுத்தம் சரிந்து வருகிற நோயாளிக்கு ஒரு மணி நேரத்துக்குள் அகல வீச்சு மருந்து ஏறியாக வேண்டும் என்பதுதான் விதி. பக்கத்து வீட்டுக்காரருக்கு முதல் இரவில் மெரோபெனெம் போட்டது சரியான முடிவு. எந்தக் கிருமி என்று தெரியாத இருட்டில் மடிதான் போட முடியும். விடிந்து மீன் தெரிந்த பிறகும் மடியையே இழுத்துக்கொண்டிருப்பதுதான் பிரச்சினை.

அதனால் இரண்டாம் மூன்றாம் நாளில் ஒரு நிறுத்தம் வைத்திருக்கிறார்கள். கல்ச்சர் என்ன சொல்கிறது, இது உண்மையில் பாக்டீரியாதானா, குறுகின வீச்சுக்கு மாற்றலாமா, வாய் வழியாகச் சாப்பிடுகிறவருக்கு இன்னும் ஊசி எதற்கு, எத்தனையாவது நாளில் நிறுத்துவது. பக்கத்து வீட்டுக்காரரின் ரத்தத்திலும் சிறுநீரிலும் வளர்ந்தது ஒரே ஈ.கோலை. ரிப்போர்ட்டில் மெரோபெனெம் 'எஸ்', நைட்ரோஃபுரான்டாயின் 'எஸ்', கோட்ரைமாக்சசோல் 'எஸ்'. ரத்தத்துக்கு ஏறியதால் நடுவில் உள்ளது தள்ளுபடி. கோட்ரைமாக்சசோல் வாய் வழியாகச் சாப்பிட்டாலும் ரத்தத்தில் நன்றாக ஏறும்; நம் அப்பாக்கள் காலத்தில் செப்ட்ரான் என்ற பெயரில் வீடுவீடாகத் தெரிந்த மருந்துதான் அது. டாக்டர் எழுதியது அதை. ஊசியை நிறுத்தினால் கையில் ஏற்றியிருக்கிற ஊசிக்குழாயும் போகும். அந்தக் குழாயே புதுக் கிருமிக்கு ஒரு வாசல்.

ஐ.சி.யு.வில் இன்னொரு பொறி இருக்கிறது. சிறுநீருக்கோ மூச்சுக்கோ போட்ட குழாய் சில நாள் உள்ளே இருந்தால் அதில் கிருமி படியும். கல்ச்சர் அனுப்பினால் கட்டாயம் ஏதாவது வளரும். வளர்ந்தது எல்லாம் நோய் அல்ல; காய்ச்சலும் மற்ற அடையாளமும் இல்லாதபோது பெரும்பாலும் அதற்கு மருந்து வேண்டாம். ரிப்போர்ட்டில் பயங்கரமான பெயர் வந்துவிட்டதே என்று அதற்குக் கடைசிக் கூடை மருந்தைப் போடுவது, வாசலில் நடந்துபோனவனைத் திருடன் என்று அடிப்பது போலத்தான். குடும்பத்தார் ரிப்போர்ட்டை மொபைலில் படம் பிடித்து வெளிநாட்டுச் சொந்தக்காரருக்கு அனுப்பி, அவர் அங்கிருந்து டாக்டருக்கு நெருக்கடி கொடுப்பதையும் பார்த்திருக்கிறேன்.

ஆபரேஷனில் இதற்கு நேர் எதிர். தோலைக் கீறுவதற்கு முந்தைய ஒரு மணி நேரத்துக்குள் ஒரு டோஸ், நேரம் நீண்டால் நடுவில் இன்னொன்று. பெரும்பாலான ஆபரேஷனுக்கு அவ்வளவே போதும். தையல் போட்ட பிறகு ஐந்து நாள் ஊசி போட்டால் புண் சீக்கிரம் ஆறும் என்பது வெறும் நம்பிக்கை.

கவனமாக நடத்துகிற ஆஸ்பத்திரி வருடம் ஒரு தடவை தன்னுடைய கிருமிகளுக்கு ஜாதகம் எழுதும். இங்கே வளர்ந்த ஈ.கோலையில் எத்தனை சதவீதம் எந்த மருந்துக்கு அடங்கியது என்ற அட்டவணை அது. ஆசாரிப்பள்ளம் அரசு ஆஸ்பத்திரிக்கு ஒரு ஜாதகம் என்றால் திருவனந்தபுரத்துக்கு இன்னொன்று. நம்மில் பலர் பெரிய வைத்தியத்துக்கு அங்கே போய்வருகிறவர்கள். கேரள எல்லையான களியக்காவிளையில் கிருமிக்குச் சோதனைச்சாவடி கிடையாது. ஒரு இடத்தில் இருந்து இன்னொரு இடத்துக்கு நோயாளியை மாற்றும்போது ஸ்கேன் படத்தை ஞாபகமாக எடுக்கிறார்கள், கல்ச்சர் ரிப்போர்ட்டையும் போட்ட மருந்துகளின் பட்டியலையும் மறந்துவிடுகிறார்கள். அங்கே போய் மறுபடி இருட்டில் மடி.

நெய்யூரில் பென்சிலின் இல்லாத காலம்

எவரெஸ்ட் ஏறப்போன ஹோவர்ட் சோமர்வெல் 1920களில் நெய்யூர் மிஷன் ஆஸ்பத்திரிக்கு வந்து கத்தி பிடித்தவர். அவர் அங்கே ஆபரேஷன் செய்த வருடங்களில் பெரும்பகுதி பென்சிலின் சந்தைக்கே வராத காலம். கொதிக்கவைத்த கருவியும் கழுவிய கையும்தான் இருந்தன. அந்தக் காலத்தில் சாவு அதிகம் என்பதும் உண்மை, அதை மறைக்க வேண்டாம். ஆனால் மருந்து வந்ததும் நாம் முதலில் கைவிட்டது சோப்பை.

நோயாளியைப் பார்க்கப் போகிறவர்கள் ஹார்லிக்ஸ் பாட்டிலோடு போய்க் கட்டிலிலேயே உட்கார்ந்து, அவர் கையைத் தடவி, அப்படியே அடுத்த கட்டில்காரரிடமும் நலம் விசாரித்துவிட்டு வருகிறோம். பாசம்தான். வாசலில் தொங்குகிற கை கழுவும் மருந்தை இரண்டு தடவை அமுக்கிவிட்டு விசாரித்தால் பாசம் ஒன்றும் குறையாது.

மெடிக்கல் ஸ்டோர்

இதைச் சுருக்கமாகச் சொல்கிறேன், எல்லாரும் அறிந்ததுதான். "ஒரு அறுநூத்தி இருபத்தஞ்சு தாங்க" என்று மாத்திரையின் மில்லிகிராம் கணக்கை மட்டும் சொல்லி, இட்லி மாவு கேட்பதுபோல் கேட்கிறோம். பல ஆன்டிபயாட்டிக்குகள் எச்1 அட்டவணையில் இருக்கின்றன. 2014 முதல் நடைமுறையில் உள்ள அந்த விதிப்படி சீட்டு இல்லாமல் அவற்றைக் கொடுக்கக் கூடாது, கொடுத்ததைப் பதிவேட்டில் எழுத வேண்டும். அட்டையின் ஓரத்தில் செங்குத்தாக ஒரு சிவப்புக் கோடு இருந்தால் டாக்டர் சொல்லாமல் தொடாதே என்று அர்த்தம். நமக்கு வருடத்தில் இரண்டு மழைக்காலம், ஆகவே இரண்டு காய்ச்சல் காலம். அதில் பெரும்பகுதி வைரஸ்.

'கோர்ஸை முடிக்கணுமா' என்று கேட்பார்கள். டி.பி. என்றால் மாதக்கணக்கில், ஒரு நாள் விடாமல். மற்றபடி முன்பு பத்து நாள் கொடுத்த பல நோய்களுக்கு இப்போது ஐந்து, ஏழு நாள் போதும் என்று ஆய்வுகள் சொல்கின்றன. எத்தனை நாள் என்பதை டாக்டர் சொல்லட்டும். நாமாகக் கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம்.

வராந்தாவில் அந்தப் பையனுக்கு நான் இத்தனையும் சொல்லவில்லை. மடியும் தூண்டிலும் மட்டும் சொன்னேன். அவன் மாமனார் வீடு மீன்பிடி ஊரான முட்டத்தில், அதனால் சட்டென்று பிடித்துக்கொண்டான். டாக்டர் கணக்கு மொத்தம் ஏழு நாள். ஊசி மூன்று நாள் ஆகிவிட்டது, மீதி நாலு நாளைக்கு வேளைக்கு ஒன்றாக எட்டு மாத்திரை. அப்பா வீட்டுக்கு வந்துவிட்டார். அடுத்த வாரம் போன் வந்தது.

"அண்ணே, அப்பா காலையிலேயே தோட்டத்துக்குப் போயாச்சு, சொன்னா கேக்க மாட்டேங்காவ. பின்ன ஒரு காரியம். கடைல முழு அட்டையாத்தான் தந்தாங்க, ரெண்டு மாத்திரை மிச்சம் கெடக்கு. அடுத்த காய்ச்சலுக்கு எடுத்து வச்சிருக்கவா?"

அட்டையை எடுத்துக்கொண்டு சாயந்தரம் வீட்டுக்கு வா என்றேன்.